போட் ஆருக்காக ஓடுது?

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். ஆபிரிக்காவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு நாடுகளை எடுத்து, அங்குள்ள சனத்தின் வாழ்க்கை நிலைமையை ஒப்பிட வேணும். பத்துப் பக்கம். நான் கானாவையும் ஐவரி கோஸ்டையும் எடுத்தேன். பெரிய காரணம் ஒண்டுமில்லை, அதில ஒரு பந்தயக் கதை இருந்தது.

1957 மார்ச் 6இல் கானா சுதந்திரம் அடைகிறது. அடுத்த மாதமே அதன் தலைவர் குவாமே நிக்ரூமா பக்கத்து நாட்டுக்குப் போகிறார். ஐவரி கோஸ்ட் அப்போது பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. அங்கத்தைய தலைவர் ஊஃபுவே புவான்யி, பிரான்ஸோடு ஒட்டியிருந்துதான் முன்னேறலாம் என்று நினைத்தவர். நிக்ரூமாவோ, முதலில் அரசியல் விடுதலை, மற்றதெல்லாம் பிறகு என்றவர். பத்து வருசம் கழிச்சுப் பார்ப்பம், எந்த நாட்டுச் சனம் நல்லா இருக்குது எண்டு. இதுதான் பந்தயம். இரண்டும் ஒரே கடற்கரையில் இருக்கிற நாடுகள். காலநிலை கிட்டத்தட்ட ஒன்று. இரண்டுக்கும் சோறு போடுகிற பயிர் கொக்கோ.

பத்து வருசத்தில் புவான்யி வென்றார். 1966இல் நிக்ரூமாவை இராணுவம் கவிழ்த்தது, கொக்கோ விலை விழுந்து கடனும் ஏறிக் கிடந்தது. ஐவரி கோஸ்ட் அந்தக் காலத்தில் மளமளவென்று வளர்ந்தது. ஆனால் 1980களில் கொக்கோ விலை திரும்பச் சரிந்தபோது அதுவும் சேர்ந்து சரிந்தது, 2002இல் உள்நாட்டுப் போரும் வந்தது. அதே ஆண்டுகளில் கானாவில் தேர்தல் நடந்து ஆட்சி அமைதியாகக் கைமாறிக்கொண்டிருந்தது. சரி, கடைசியில் நிக்ரூமாதான் வென்றார் என்று முடிக்கலாமா? அதுவும் ஏலாது. 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது, எங்கட நாடு அதே வருசம் ஏப்ரலில் செய்த மாதிரி. கணக்கை எந்த வருசத்தில் மூடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் வென்றவர் ஆர் என்று வரும். இதைத்தான் பத்துப் பக்கமாக இழுத்து எழுதிக் குடுத்தேன்.

ஒப்படையைக் குடுத்துப்போட்டு அந்த வெள்ளிக்கிழமை 776 பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போனேன். எங்கட வீடு வேலணையில். அம்மாவின் ஊர் நெடுந்தீவு, அப்பாவின் ஊர் நயினாதீவு. சின்னனில இருந்தே விடுமுறை எண்டால் ஒரு முறை அம்மம்மா வீடு, மற்ற முறை அப்பம்மா வீடு. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றால் இரண்டு ஊருக்கும் போகிற போட்டையும் பார்க்கலாம். நயினாதீவுக்குப் போகிறவர் கரையில் நின்று ஒரு சோடா குடித்து முடிக்க முதல் ஒரு போட் வந்துவிடும். நெடுந்தீவுக்குப் போகிறவர் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டே வெளிக்கிட வேணும். இருபது வருசமாக இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நான், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடம் தேடி அட்லாண்டிக் கரைக்குப் போயிருக்கிறேன்.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கு. நெடுந்தீவில் ஒரு ஆபிரிக்க மரம் நிற்கிறது. பெருக்கமரம். மேற்கு ஆபிரிக்கச் சவன்னாவில் ஊருக்கு ஒன்று நிற்கும் பாவோபாப் இதுதான். அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பார்கள், போர்த்துக்கேயர் என்றும் சொல்வார்கள். அடிமரத்தில் ஒரு பொந்து, அதுக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். நான் ஐந்து வயதில் அதுக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். கானா பற்றி வாசித்துக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அந்த மரம் எனக்கு நினைவு வரவே இல்லை.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். நயினாதீவு நாலு சதுர கிலோமீற்றர் சொச்சம். அதாவது ஒன்றுக்குள் மற்றது பத்துத் தரத்துக்கு மேல் அடங்கும். ஆனால் பெரிய தீவில் இருப்பது சுமார் 4,000 பேர்தான். சின்னத் தீவில் வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கும், நெடுந்தீவில் ஒரு வேலியில் இருந்து அடுத்த வேலிக்குப் போக வெயிலில் தலை சுற்றும். அந்த வேலிகளும் கிடுகோ தகரமோ இல்லை, முருகைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டினவை.

புள்ளிவிபரத்தில் பார்க்கலாம் என்று மாவட்டக் கையேட்டை எடுத்தால் அங்கேயே ஒரு சிக்கல். நெடுந்தீவு தனிப் பிரதேச செயலகம், J/01இல் இருந்து J/06 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். ஆகவே அதற்கு அட்டவணையில் ஒரு வரி இருக்கு. நயினாதீவு வேலணைப் பிரதேச செயலகத்துக்குள் அடக்கம், புங்குடுதீவோடும் வேலணையோடும் கூட்டிக் கலந்துவிடும். பாலம் உள்ள ஊரும் பாலம் இல்லாத ஊரும் ஒரே வரியில் சராசரியாகி நிற்கும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இதே கதிதான், அவை ஊர்காவற்றுறைக்குள். ஐக்கிய நாடுகள் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டி கொண்டு வந்தபோது, வருமானத்தை மட்டும் பார்க்காதே, ஆயுளையும் படிப்பையும் சேர்த்துப் பார் என்றது. நல்ல விசயம். ஆனால் நாலு சதுர கிலோமீற்றருக்கு ஒரு சுட்டி ஆர் போடப்போகினம்? ஆகவே கையேட்டை மூடிவிட்டுப் பழைய கதைக்குப் போனேன்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு எங்கட தீவுகளுக்கெல்லாம் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லெய்டன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றப் பெயரெல்லாம் உதிர்ந்துபோச்சு, டெல்ஃப்ட் மட்டும் அரசாங்கப் பலகையில் இன்றும் நிற்கிறது. அதற்கு முதல் போர்த்துக்கேயர் வைத்த பெயர் பசுத்தீவு என்று பொருள்படும். இந்தப் பெயரிலேயே விசயம் இருக்கு. வந்த ஒவ்வொரு ஆட்சியும் நெடுந்தீவைப் பார்த்து, இங்கிருந்து எதைக் கொண்டுபோகலாம் என்றுதான் யோசித்திருக்கிறது. போர்த்துக்கேயருக்கு மாடு, ஒல்லாந்தருக்குக் குதிரை. ஆங்கிலேயர் வந்த தொடக்கத்திலும் நோலன் என்ற இராணுவ அதிகாரி இங்கே தங்கியிருந்து குதிரைப் பண்ணையைப் பார்த்தார். பண்ணை மூடினபிறகு குதிரைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்று படம் எடுக்கப் போகிறவர்கள் பார்க்கிற குதிரைகள் அவற்றின் வழி வந்தவை. கோடையில் குளம் வற்றினால் தண்ணியில்லாமல் சாகும். அதுக்குப் பிறகு பேப்பரில் செய்தி வரும், அதுக்குப் பிறகு பவுசரில் தண்ணி வரும்.

நயினாதீவின் கதை நேர் எதிர். அங்கிருந்து கொண்டுபோக எதுவுமே இல்லை. ஆனால் அங்கே ஆட்கள் வந்தாக வேண்டிய காரணம் எப்பவும் இருந்திருக்கிறது. மகாவம்சம் சொல்கிற நாகதீபம் இதுதான் என்று பௌத்தர்கள் வருகிறார்கள். நாகபூசணி அம்மனிடம் நாங்கள் வருகிறோம். ஆனியில் கொடியேறினால் வேலணை றோட்டில் பஸ் நிற்க இடமில்லாமல் போகும். அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு போட்டது. சிங்கள மன்னன் போட்ட தமிழ்க் கல்வெட்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் அதை ஆராய்ந்து எழுதினார். ஊராத்துறை, அதாவது எங்கட ஊர்காவற்றுறை, அங்கே வருகிற பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் குடுக்க வேணும் என்கிறது அது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் இருக்கு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் என்றால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றின கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அரசனுக்குத் தேவையான குதிரையைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை. எண்ணூறு வருசத்துக்கு முந்தியே இந்தக் கடலில் எந்தப் போட்டுக்கு என்ன மரியாதை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

இப்ப வாழ்க்கை நிலைமைக்கு வருவம். அப்பம்மாவுக்கு நிலம் என்று சொல்ல ஒரு வளவுதான், கிணற்றுத் தண்ணி உவர். ஆனால் கையில் காசு புழங்கும். சித்தப்பா இறங்குதுறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். அருச்சனைத் தட்டு, ஒடியல், பனங்கிழங்கு, தண்ணிப் போத்தல், தெற்கில் இருந்து வருகிற யாத்திரிகர்களுக்குச் சிங்களத்தில் விலை சொல்லவும் தெரியும். பசி என்று வந்தவரை அமுதசுரபி அன்னதான மண்டபம் பார்த்துக்கொள்ளும். அம்மம்மாவிடம் பதினொரு மாடு, பனங்காணி, பெரிய முற்றம். நெடுந்தீவிலும் பல இடத்தில் கிணறு உவர்தான், தெற்கே சாராப்பிட்டிப் பக்கம்தான் நல்ல தண்ணி. மழைத்தண்ணி சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டு நிற்கும், அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறும். அந்தத் தண்ணியை மாடும் குதிரையும் மனிசரும் பங்குபோட வேணும். மாடு பதினொன்று நின்றும் அம்மம்மாவின் கையில் காசு இருக்காது. பால் கறந்தால் யாழ்ப்பாணத்துக்குப் போக முதல் திரைந்துவிடும், ஊருக்குள் விற்கலாம் என்றால் எல்லா வீட்டிலும் மாடு நிற்கும். தயிராக்கி, நெய்யாக்கி, ஆராவது போகிறவர் கையில் குடுத்துவிட வேணும். மீனுக்கும் இதுதான் கணக்கு, ஐஸ் அக்கரையில் இருந்து வர வேணும். சொத்துக் கணக்குப் போட்டால் அம்மம்மா பணக்காரி, வருமானக் கணக்குப் போட்டால் அப்பம்மா. இரண்டு பேரிடமும் இதைச் சொன்னேன். இரண்டு பேரும் மற்றவதான் வசதி என்றார்கள்.

இந்த இடத்தில், பாலம் போட்டால் எல்லாம் சரி என்று எழுதி முடித்துவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் புங்குடுதீவு குறுக்கே நிற்கிறது. பாலம் உள்ள தீவு அது. வேலணையில் இருந்து வாணர் தாம்போதியால் ஏறினால் நேரே ஊருக்குள் போகலாம். 1990, 91இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனம் ஒட்டுமொத்தமாக வெளிக்கிட்டது. புங்குடுதீவின் ஒரு பகுதி கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் நிலைகொண்டுவிட்டது. 776இல் யன்னல் ஓரம் இருந்தால் கூரை இல்லாத கல்வீடுகள் வரிசையாகப் போகும், நடுவில் பெயின்ற் மணக்கிற கோயில்கள். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு தனித்து நிற்கிற நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அந்த அளவுக்கு ஊர் காலியாகவில்லை. றோட்டால் ஆட்கள் வரலாம் என்றால் றோட்டால் போகவும் செய்யலாம்.

கடல் பாதுகாத்தது என்றும் சொல்ல ஏலாது. 1985 மே 15 காலை நெடுந்தீவு மாவிலித்துறையில் இருந்து குமுதினி வெளிக்கிட்டது. நடுக்கடலில் மறித்து, ஏறி, வெட்டினார்கள். ஊரில் 36 பேர் என்று நினைவுகூருகிறார்கள், குறைந்தது 23 பேர் என்று அம்னெஸ்டி பதிவு செய்தது. கைக்குழந்தையும் அதில். கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஆருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் பிறகு அதே குமுதினியில்தான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், ஏனென்றால் வேறு போட் இல்லை. அம்மா இதைப் பற்றிக் கதைக்க மாட்டா. போட்டில் ஏறினால் கதவுப் பக்கம் மட்டும்தான் இருப்பா.

ஒரு ஊரின் வாழ்க்கை நிலைமையை அளக்க எனக்கு ஒரு கேள்வி போதும் என்று இப்ப நினைக்கிறேன்: கடைசிப் போட் எத்தனை மணிக்கு? நயினாதீவுக்கு விடிய வெளிக்கிட்டால் மைமல் வரைக்கும் போட் இருக்கு, கால் மணித்தியாலம், மிஞ்சினால் இருபது நிமிசம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலக் கடல், நாளுக்கு ஒரு சில போட். சோளகம் பெலத்தால் அதுவும் நிச்சயமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கையெழுத்து வாங்க வேணும் என்றால் நயினாதீவுக்காரர் காலை போய்ப் பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார். நெடுந்தீவுக்காரர் அதிகாரி வரும்வரை வாங்கில் இருந்து, கடைசிப் போட்டை விட்டு, சொந்தக்காரர் வீட்டில் படுத்து, அடுத்த நாள் கூலியையும் இழந்துதான் திரும்புவார். இந்த ஒரு நாள் எந்தக் கையேட்டிலும் பதியப்படாது.

ஆனால் நயினாதீவின் அந்த வசதி நயினாதீவுக்காரருக்காக வந்ததா? போட் இவ்வளவு ஓடுவது யாத்திரிகர்களுக்காக. சாதாரண நாளில் அதன் ஓரத்தில் ஊர்ச்சனமும் ஏறிக்கொள்கிறது, அவ்வளவுதான். திருவிழா நாளில், நீண்ட விடுமுறையில் அப்பம்மா கிளினிக்குக்குப் போக வேணும் என்றால் வெயிலில் நூறு பேருக்குப் பின்னால் நிற்க வேணும். மருந்துத் துண்டைக் காட்டினால் சிலவேளை முன்னுக்கு விடுவார்கள். நெடுந்தீவிலும் இப்ப இது தொடங்கிவிட்டது. குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, கோட்டை என்று எல்லாம் பார்க்க ஒரு நாள் பயணமாக வருகிறார்கள். காலைப் போட்டில் வந்து பின்னேரப் போட்டில் போய்விடுவார்கள். 2017இல் நெடுந்தாரகை வந்தபோது ஊரே இறங்குதுறையில் நின்றது, இனிச் சனத்துக்குக் கஷ்டமில்லை என்று. இப்ப சனி ஞாயிறில் போட்டுக்குள் இருக்க இடம் பிடிப்பவர்கள் கமெரா வைத்திருப்பவர்கள். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகவும் அறிவித்திருக்கிறார்கள். குதிரைக்கு நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. தங்கட மாடு அந்தப் பக்கம் மேயலாமா இல்லையா என்று அம்மம்மாவுக்கு ஒருவரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

மின்சாரக் கதையையும் சொல்லிவிட வேணும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் ஜெனரேற்றரைக் குறைத்து, காற்றும் சூரியனும் கலந்த மின்சாரம் தருவதென்று திட்டம். 2021 தொடக்கத்தில் சீனக் கம்பனி ஒன்றுக்குக் குடுக்க முடிவானது. இந்தியா எதிர்த்தது. வருசக் கடைசியில் சீனா கைவிட்டது. 2022 மார்ச்சில் இந்தியா தான் செய்வதாக ஒப்பந்தம் போட்டது, 2024 மார்ச்சில் ஒரு இந்தியக் கம்பனியோடு கையெழுத்து, 1 கோடியே 10 லட்சம் டொலர் நன்கொடை. அந்த மாதங்களில் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் எங்கட தீவுகளின் பெயர் வந்தது. எல்லாம் இராமேஸ்வரத்தில் இருந்து எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கில்தான். தமிழ்நாட்டுச் செய்தியில் நெடுந்தீவு வருவதும் அப்படித்தான், நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது என்ற ஒரே ஒரு வசனத்தில். அதற்குள் ஒரு ஊர் இருக்கு, ஆட்கள் இருக்கினம், அவையளின் வலையும் அறுந்திருக்கு என்று அங்கே வாசிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை.

பந்தயம் கட்டினதென்றால் நான் எந்தத் தீவின் பக்கம்? அப்பம்மாவுக்கு இரவில் நெஞ்சு நோ வந்தால் இருபது நிமிசத்தில் அக்கரை. அது பெரிய விசயம், அதனால் இண்டைக்குக் கேட்டால் நயினாதீவு. ஆனால் கோவிட் காலத்தில் கேட்டிருந்தால் வேறு பதில். 2020இல் யாத்திரிகர்கள் நின்றுபோனபோது சித்தப்பாவின் கடை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அந்த நாளில் அம்மம்மா வீட்டில் பாலும் இருந்தது, மீனும் இருந்தது, ஒடியல் மாவும் இருந்தது. போட் ஓடினபோது அம்மம்மா நயினாதீவுக்கு நெய் குடுத்துவிட்டா.

குறிகட்டுவானில் அந்த வெள்ளிக்கிழமை நான் ஏறினது நெடுந்தீவுப் போட். மாமாவின் மகள், என்ர மச்சாள், ஏழு மாதம். முதல் பிள்ளை. நெடுந்தீவில் ஆஸ்பத்திரி இருக்கு, ஆனால் முதல் பிள்ளை என்றால் அக்கரைக்குத்தான் அனுப்புவார்கள். நோ தொடங்கினபிறகு வெளிக்கிடுகிற கதையே இல்லை. நாளைக் கணக்குப் பார்த்து இரண்டு மூன்று கிழமைக்கு முதலே வந்து ஆராவது வீட்டில் தங்க வேணும். மாமிக்கும் கூட வர வேணும், அப்ப மாடு பார்க்க மாமா நிற்க வேணும், புருசன் தொழிலுக்குப் போகாமல் அலைய ஏலாது. நயினாதீவில் இருக்கிற என் மற்ற மச்சாள் போன வருசம் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கட்டிலிலேயே கடைசி நாள் வரைக்கும் படுத்திருந்தவள்.

"வாடை தொடங்க முதல் கூட்டிக்கொண்டு போயிடு பிள்ளை, பிறகு கடல் விடாது" என்றா அம்மம்மா. நாள் குறித்திருப்பது டிசம்பர் நடுப்பகுதிக்கு. நவம்பர் கடைசியில் மழையும் காற்றும் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் நடுவிலேயே வரச் சொல்லியிருக்கிறோம். வேலணையில் என் அறையை அவளுக்குக் குடுக்க முடிவு. புத்தகங்களை எல்லாம் பெட்டியில் கட்டி விறாந்தைக்கு எடுத்தாச்சு. கானா ஒப்படையும் அதுக்குள்தான் எங்கேயோ கிடக்கு.